கார்த்திகைப்பூக் கொடியைப் பூவின்றி அறிதல்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உத்திரமேரூர்ப் பக்கத்து வேலிகளிலும் முட்புதர்களிலும் தீச்சுடர் போன்ற செந்நிறப் பூவொன்று காணப்படும். செங்காந்தள் என நூல்களிலும், கார்த்திகைப்பூ என ஜனங்களாலும் வழங்கப்படுவது இதுவே. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுதான். தாவர சாஸ்திரிகள் இட்ட பெயர் குளோரியோசா சூப்பர்பா என்பதாம்.

மொட்டு தலைகீழாகத் தொங்கும். மலர்ந்ததும் அலைபோல் நெளிந்த 6 இதழ்களும் மேல்நோக்கி மடங்கிக்கொள்ளும். முதலில் பசுமை கலந்த மஞ்சளாயிருந்து சில நாட்களில் முழுச் சிவப்பாகும். ஒரே கொடியில் இரு நிறப் பூக்களைக் கண்டு இரு ஜாதியென எண்ணுவோரும் உளர்.

பூத்த கொடியை அறிவது எளிது. பூவில்லாதபோது அறிவதே குடியானவர்களுக்கு இன்றியமையாதது. இதன் கிழங்கை உண்ணத்தக்க வள்ளிக்கிழங்கென மயங்கித் தின்று மாண்டவர்கள் உண்டு. ஆகவே முதலில் இலையின் நுனியைப் பார்த்தல் வேண்டும். காந்தளில் அந்நுனியே பற்றுக்கம்பியாய்ச் சுருண்டு, அண்டையிலுள்ள கிளையைப் பற்றிக்கொள்ளும். நரம்புகள் நெல்லிலையிற்போல் நீளவாட்டில் ஓடும். காட்டுவள்ளிக்கோ பற்றுக்கம்பி கிடையாது. தண்டே கொம்பைச் சுற்றி ஏறும், இலையும் பெரும்பாலும் இதய வடிவாயிருக்கும்.

கிழங்கு ஏர்க்கலப்பைபோல் வளைந்து இரு கிளையாயிருக்கும். கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு என்னும் பெயர்களும் உண்டு. எனினும் முறிந்த துண்டில் இவ்வடையாளம் தோன்றாது. கோடையில் கொடி பட்டுப்போய்க் கிழங்கு மட்டும் மண்ணில் தங்குமாதலால், கொடியைக் காணாமல் தோண்டியெடுத்த கிழங்கைச் சமைத்தலாகாது.

இதிலுள்ள கோல்சிசின் என்னும் விஷம் வேகவைப்பதால் நீங்குவதன்று. தின்ற சில மணி நேரத்தில் தொண்டை எரிச்சல், வாந்தி, பேதி உண்டாகும். பிழைத்தவர்க்கும் பின்னர்த் தலைமயிர் உதிர்தலுண்டு. தின்றது தெரிந்தவுடனே, குறிகள் தோன்றுமுன்பே, எஞ்சிய கிழங்குடன் ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். கைவைத்தியத்தில் காலம் போக்கலாகாது. ஆடுமாடுகளுக்கும் இது விஷமே.

இவ்விஷமே அளவறிந்து கொடுக்குங்கால் மூட்டுவாத மருந்தாகிறது. அதன்பொருட்டே தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரணியம் பக்கங்களில் இக்கொடியைப் பந்தலிட்டுப் பயிர்செய்து விதையை விற்கின்றனர். நல்ல காய்ப்புக்காக மகரந்தத்தைக் கையினாலேயே சேர்ப்பதும் உண்டு. விதைக்கிழங்கு வைத்திருப்போர் அதனைச் சமையற் கிழங்குகளோடு ஒரே அறையில் வைத்தலாகாது. காய் வெடித்ததும் தோன்றும் செவ்விதைகளைச் சிறுவர் பொறுக்கி விளையாடுவராதலால், வீட்டுவேலியிற் படர்ந்த கொடியின் காய்களை முற்றுமுன்னரே அகற்றிவிடுதல் நலம்.