முதல் மோட்டார் வாங்கப் போகும் சின்னவனுக்கு



பிள்ளையார்பாளையத்திலிருந்து பெரியப்பா எழுதுவது. பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ ஒரகடம் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஐயம்பேட்டை வீட்டுத் தறியில் உட்காரப் போவதும், தறிக்கு மோட்டார் வைக்கக் கடன் கேட்டு அலைவதும் உன் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. ஒரு எட்டு வந்து நேரில் சொல்லியிருக்கலாம். போகட்டும், உனக்கு ஆயிரம் வேலை.

எந்த மெஷினை வாங்குவது என்பது உன் இஷ்டம். உன் பணம், உன் தறி. பெரியப்பா குறுக்கே நிற்கப்போவதில்லை. வாங்குவதற்கு முன் நாலு விஷயம் உன் காதில் விழட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

மோட்டாரே கூடாது என்று நம் வீட்டில் யாரும் சொல்ல முடியாது. உன் அப்பன் மாடிப்படி ஏறுவதைத் தினமும் பார்க்கிறவன் நீ. அந்த முழங்கால் வயதால் போனதில்லை, ஜக்கார்டால் போனது. அங்குலத்துக்கு ஐம்பது ஊடை என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் ஆறு கஜத்துக்குப் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. அதில் பூ விழுகிற ஊடை ஒவ்வொன்றுக்கும் காலால் மிதித்துப் பெட்டியைத் தூக்க வேண்டும். பூ பெரிதாகப் பெரிதாக மிதியும் கனக்கும். கல்யாணச் சேலையின் முந்தானை நெய்கிற வாரங்களில் உன் அப்பன் ராத்திரி தைலம் தேய்க்காமல் படுத்ததில்லை.

ஜக்கார்டும் ஒரு காலத்தில் புதுசாக வந்து இறங்கிய மெஷின்தானே. பிரான்சில் லியோன் நகரத்துப் பட்டு நெசவுக்காக 1804 வாக்கில் ழாக்கார்டு என்பவர் உருவாக்கியது. அது இங்கே வருவதற்கு முன் காஞ்சிபுரத்தில் அடை கட்டித்தான் பூப் போட்டார்கள். இழைகளைத் தூக்கிக் கொடுக்கத் தறிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். ஓட்டை போட்ட அட்டை வந்தது, அந்த ஆள் எழுந்து போனார். ஊர் முழுகிவிடவில்லை. பூ கூடுதலாகத்தான் வந்தது.

தெலங்கானாவில் ஆலேரு பக்கத்துக் கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பக்கம் பொச்சம்பள்ளிச் சேலைக்கு நூலைச் சாயம் போடுவதற்கு முன் அரைவட்டமாக நட்ட முளைகளைச் சுற்றி இழுத்துக் கட்டுவார்கள். அதற்குப் பெயர் ஆசு. ஒரு சேலைக்கு ஏறத்தாழ 9000 தடவை கை போய்ப் போய் வர வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்களின் வேலை. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய சிந்தகிந்தி மல்லேசம், தன் அம்மாவின் தோள்வலியைப் பார்த்துச் சகிக்காமல் ஒரு மெஷின் செய்ய உட்கார்ந்தார். ஏழு வருஷம் போல ஆனது. கடன், கேலி, பாதியில் நின்ற வேலை எல்லாம் பட்டு 1999-இல் ஓட வைத்தார். அம்மா பெயரில் லட்சுமி ஆசு மெஷின். 2017-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நாலைந்து மணி நேர வேலை ஒன்றரை மணி நேரத்துக்கு வந்தது. கவனித்தாயா, அந்த மெஷின் தறியைத் தொடவே இல்லை. தோள் எதற்கு வலித்ததோ அந்த வேலையை மட்டும் எடுத்துக்கொண்டது. நாடாவும் அச்சும் நெய்கிறவர் கையிலேயே இருந்தன.

வலிக்கிற வேலைக்கு மட்டும் மெஷின் என்பதுதான் பெரியப்பாவின் கட்சி. நீ மனசில் வைத்திருக்கிற சாமான்களை இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஜக்கார்டைத் தூக்கிக் கொடுக்கிற சின்ன மோட்டார் முதலாவது. மிதிக்குக் கீழே ஒரு ஸ்விட்ச், மேலே மோட்டாரும் சங்கிலியும். கால் லேசாக அழுத்தினால் பெட்டி ஏறும், விட்டால் இறங்கும். மற்ற வேலையெல்லாம் கைக்குத்தான். மத்திய அரசு 2016-இல் தொடங்கிய ஹத்கர்கா சம்வர்தன் சஹாயதா திட்டத்தில் தறிச் சாமான் பட்டியலிலேயே இது இருக்கிறது. விலையில் 90 சதவீதம் அரசு பங்கு, நெசவாளி போடுவது 10 சதவீதம். இது தெரிந்துமா வட்டிக்கு வாங்கப் போனாய்? சங்கத்தில் மனு கொடு. தாமதமாகும், இழுத்தடிப்பார்கள், ஆனாலும் வட்டி ஓடாது.

காற்றில் தூக்குவது இரண்டாவது. கம்ப்ரசரிலிருந்து குழாய் போட்டு ஜக்கார்டை ஏற்றுவார்கள். மெத்தென்று ஏறும், நல்ல சாமான்தான். பத்துத் தறி ஒரே கொட்டகையில் ஓடும் இடத்துக்குப் பொருந்தும். ஒற்றைத் தறி வீட்டில், தொட்டில் கட்டியிருக்கிற கூடத்தில், கம்ப்ரசர் சத்தத்தை யார் தாங்குவது? உன் பெண்டாட்டி என்ன சொல்கிறாள் என்று கேட்டாயா?

அடுத்தது கம்ப்யூட்டர் ஜக்கார்டு. உன் கண் இதில்தான் இருக்கிறது என்று தெரியும். அட்டை வேண்டாம், டிசைனைப் பென்டிரைவில் போட்டுச் சொருகினால் போதும். ஒரு ஊடைக்கு ஓர் அட்டை என்று குத்திக் கோத்து, மழையில் ஊறிப் போய், எலி கடித்துப் பாடுபட்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விலை லட்சத்தில். அது மட்டுமில்லை, டிசைன் யாருடையது? நீ நெய்யப் போகிற சேலைக்கு அட்டையும் பட்டும் ஜரிகையும் கொடுப்பவர் ஒருவர், கூலிக்கு நெய்கிறவன் நீ. டிசைன் மாற்றும் வசதி டிசைன் வைத்திருப்பவருக்குத்தானே லாபம்? நாலு தறி சேர்ந்து, நீயே டிசைன் போட்டு, நீயே விற்கிற நாள் வந்தால் வாங்கு. உன் அறிவுக்கு அந்த நாள் வரும். முதல் மெஷினாக வேண்டாம்.

நீ கார் சாமான் செய்கிற இடத்தில் இருந்தவன் என்பதால் ஒன்று கேட்கிறேன். டொயோட்டா கார் கம்பெனியின் வேர் தறிதான், தெரியுமா? ஜப்பானில் சகிச்சி டொயோடா 1891-இல் காப்புரிமை வாங்கியது மரத்தால் ஆன கைத்தறிக்கு. அவருடைய 1924-ஆம் வருஷத்துத் தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். அந்தத் தறியின் உரிமையை 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் காசு கொடுத்து வாங்கினார்கள். மெஷினுக்கு ஓடத் தெரிவதைவிட நிற்கத் தெரிவது முக்கியம். கடைக்காரனிடம் வேகத்தைக் கேட்காதே. பட்டு இழை மாட்டினால் எப்படி நிறுத்துவது, கரண்ட் போனால் பழையபடி காலால் மிதித்து நெய்ய வழி உண்டா, பழுதானால் ரிப்பேருக்கு ஆள் எங்கிருந்து வருவான், இந்த மூன்றைக் கேள். மூன்றாவதுக்குப் பெங்களூரு என்று பதில் வந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பு.

இப்போது நாலாவது. மெஷின் புரோக்கர் ஒருவன் உன்னிடம் காட்டிய வீடியோ. பாதிக் கைத்தறி, பாதி மோட்டார், நாடாவும் தானே ஓடும், அச்சும் தானே அடிக்கும், பக்கத்தில் ஆள் நின்றால் போதும், யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்றானாமே.

சட்டத்தில் பாதி என்று ஒன்று இல்லை. 1985-ஆம் வருஷக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் மின்சக்தியால் இயங்கும் தறியை விசைத்தறி என்கிறது. முதலில் 22 ரகம் கைத்தறிக்கு ஒதுக்கியிருந்தார்கள், பிறகு 11 ஆகக் குறைத்தார்கள். இரண்டு பட்டியலிலும் சேலை உண்டு. விசைத்தறிக்காரர்கள் வழக்குக்குப் போனார்கள். 1993-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது தறிக்கு 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் வந்தபோதே எழுதியிருந்தார்கள். 2012 வாக்கில், 12-ஆவது ஐந்தாண்டுத் திட்ட ஆலோசனையின்போது, ஏதாவது ஒரு வேலை கையால் நடந்தாலே கைத்தறி என்று சட்டத்தின் விளக்கத்தைத் தளர்த்தப் பார்த்தார்கள். நாடெங்கும் நெசவாளர்கள் எதிர்த்து நின்றார்கள். அது சட்டமாகவில்லை. உன் தாத்தா உயிரோடு இருந்திருந்தால் தடியை ஊன்றிக்கொண்டு ஆர்ப்பாட்டத்துக்குப் போயிருப்பார்.

ஏன் போயிருப்பார் என்று உனக்குத் தெரியும். அந்தப் பட்டுச் சேலைக் கடை விஷயம். பெயர் வேண்டாம், இன்றைக்கும் அங்கே முகூர்த்த நாளில் கூட்டம்தான். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை, தாத்தா மாசக்கணக்கில் யோசித்து வைத்த கட்டம். சேலை நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கிறோம் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதே நிறம், அதே கட்டம், எங்கோ விசைத்தறியில் ஓட்டி வந்து அசல் காஞ்சிபுரம் என்று அதே கண்ணாடி அலமாரியில் மாட்டினார்கள். கூலி உயர்த்திக் கேட்கப் போனபோது, அந்தச் சேலையையே எடுத்து விரித்து, இது பாதிக் காசுக்கு வருகிறதே பெரியவரே என்று சிரித்தார்கள். உன் அப்பனும் பெரியப்பாவும் பக்கத்தில் நின்றிருந்தோம். தாத்தா ஒரு வார்த்தை பேசாமல் சேலையைத் திருப்பினார். பின்பக்கத்தில் உடலும் கரையும் சேரும் இடத்தை விரலால் தடவிக் காட்டினார். கோர்வை இல்லை. மூன்று நாடா போட்டு, கரை நூலும் உடல் நூலும் ஊடைக்கு ஊடை ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொண்டு போகிற அந்தப் பல் இல்லை. ஒரே நாடாவில் நிறம் மட்டும் மாற்றிய துணி. வாங்க வந்திருந்த அம்மாள் அதையும் பார்த்துவிட்டு, விலை குறைவு என்பதால் அந்தச் சேலையையே எடுத்துக்கொண்டு போனாள். அந்த வருஷம் நம் தெருவில் எத்தனை தறிக் குழியை மண் போட்டு மூடினார்கள் என்று உன் அப்பனைக் கேள்.

இந்த ஊர்ப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வந்தது 2005-இல். அதற்கு முன்னால் போனவர்கள் போனவர்கள்தான். இப்போது கையில் ஒரு முத்திரையாவது இருக்கிறது. அதைப் பாதி மோட்டாருக்கு அடகு வைக்காதே. இதற்கு மேல் உன் விருப்பம்.

கரண்ட் கணக்கையும் அந்தப் புரோக்கர் சொல்லியிருப்பான். 2023 மார்ச்சிலிருந்து விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம், கைத்தறிக்கு 300. உண்மைதான். அரைக் குதிரைத்திறன் மோட்டார் எட்டு மணி நேரம் ஓயாமல் ஓடினாலும் மூன்று நாலு யூனிட்டுக்கு மேல் போகாது. தூக்கும்போது மட்டும் வேலை செய்கிற மோட்டாருக்கு அதுவும் ஆகாது. ஆயிரம் யூனிட்டை வைத்துக்கொண்டு நீ என்ன செய்யப் போகிறாய்?

பெரியம்மாவுக்குத் தூக்கம் வராத விஷயம் ஒன்று உண்டு. ஐயம்பேட்டை வீட்டுத் தறிக் குழி ஈரம் கசிகிற குழி. 2015 டிசம்பர் மழையில் உன் பாவு என்ன கதியானது என்று மறந்திருக்க மாட்டாய். அந்தக் குழியில் காலை வைத்துக்கொண்டு, மிதிக்கடியில் மின்சார ஸ்விட்ச். எலக்ட்ரீஷியன் வந்து எர்த் சரியாகப் போட்டு, கசிவு வந்தால் தானே துண்டிக்கிற பிரேக்கரும் வைக்காமல் ஒரு ஊடைகூட நெய்யாதே. மோட்டார் மேலே தறிச் சட்டத்தில் இருக்கட்டும், தரையில் வேண்டாம். வயரைக் குழி ஓரமாக இழுக்காதே. ஐப்பசி, கார்த்திகையில் குழியில் தண்ணீர் தெரிந்தால் மெயினை அணைத்துவிட்டு வெளியே வா. சேலை கொடுக்க வேண்டிய தேதி, முகூர்த்தம், கடைக்காரன் போன், எதுவாக இருந்தாலும் சரி.

திட்டுகிற மாதிரி எழுதிவிட்டதாகப் பெரியம்மா படித்துவிட்டுச் சொல்கிறாள். கம்பெனிச் சம்பளத்தை விட்டுவிட்டுத் தறிக்குத் திரும்புகிற பிள்ளை இந்தக் காலத்தில் எந்த வீட்டில் இருக்கிறான்? உன்னைப் பற்றிச் சங்கத்தில் நாலு பேரிடம் சொல்லியாகிவிட்டது. கோர்வை அடிக்க உனக்குச் சின்ன வயசிலேயே கை வந்தது, உன் அப்பனுக்குக்கூட அவ்வளவு சுத்தமாக வராது. நீ கம்ப்யூட்டர் பெட்டியையே வாங்கிவிட்டாலும் பூஜைக்கு முதல் ஆளாகப் பெரியப்பா வந்து உட்கார்ந்திருப்பேன், அதில் சந்தேகம் வேண்டாம். திட்டத்தில் நீ கட்ட வேண்டிய பங்கைப் பற்றிக் கவலைப்படாதே. பெரியம்மா சீட்டு எடுத்த பணம் அலமாரியில் சும்மா இருக்கிறது. திருப்பித் தர வேண்டாம், உன் பெண்ணுக்கு என்று வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாருங்கள். வரதர் கோயில் இட்லி மாதிரி மிளகு, சீரகம், சுக்கு தட்டிப்போட்டுக் குடலையில் வைத்துத் தரப் பெரியம்மா ஆசைப்படுகிறாள். மனுவுக்கு ஆதார் நகல், பேங்க் பாஸ்புக், நெசவாளர் அட்டை மூன்றும் கையோடு வரட்டும். திங்கட்கிழமை காலை சங்கம் திறந்ததும் போய்க் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் பெரியப்பா