கே.ஜி.எஃப்.பிலிருந்து வீடு மாறுகிறீர்களா? நண்பர்களா, கூலியாட்களா?

கோலார் தங்கவயலில் வீடு மாற்றம் இரண்டு வகை. சாம்பியன் ரீஃபிலிருந்து ராபர்ட்சன்பேட்டைக்கு, ஆண்டர்சன்பேட்டையிலிருந்து கோரமண்டலுக்கு என்று ஊருக்குள்ளேயே மாறுவது ஒன்று. மூட்டை முடிச்சோடு பெங்களூருக்குக் குடிபோவது இன்னொன்று. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட பிறகு இந்த இரண்டாவது வகை பெருகிவிட்டது.

முதல் வகைக்கு அக்கம்பக்கத்துப் பையன்கள் நாலு பேரும் ஒரு குட்டி யானை வண்டியும் போதும். இதற்குப் போய் பேக்கர்ஸ் ஆட்களைக் கூப்பிடுவது வீண் செலவு. பெங்களூர் கதை வேறு. சுமார் 100 கிலோமீட்டர் தூரம், போய்ச் சேரும் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இருந்தாலும் அதில் பீரோ ஏறாது. அதற்கும் “நம்ம பசங்க இருக்காங்க, பார்த்துக்கலாம்” என்று கிளம்பி, பாதி ராத்திரியில் மாடிப்படியில் கட்டிலோடு நிற்கிறவர்கள் உண்டு. என் கட்சி இதுதான்: கட்டுவதற்கு நண்பர்கள், தூக்குவதற்குக் கூலியாட்கள்.

செய்ய வேண்டியவை

நண்பர்களுக்கு ஒழியும் நாளைப் பார்த்துத் தேதி குறியுங்கள். நம்மூர் இளைஞர்களில் ஏராளமானவர்கள் விடியற்காலையில் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள். 1894-இல் சுரங்கத்தை நம்பிப் போட்ட தண்டவாளத்தில் இன்று போய் வருவது இவர்கள்தான். வாரம் முழுக்க ரயிலில் தூங்கிக்கொண்டு போகிறவனுக்கு மிஞ்சுவது ஒரு ஞாயிறு. நீங்கள் கேட்பது அந்த ஞாயிறைத்தான். அது முகூர்த்த நாளாகவும் அமைந்துவிட்டால், வருகிறேன் என்று சொன்ன ஆறு பேரில் இரண்டு பேர் வந்தால் பெரிது. ஆடியும் மார்கழியும் கழிந்த கையோடு ஊரே வீடு மாறுவதால், ஆவணியிலும் தையிலும் வண்டிக்கும் கிராக்கி, ஆளுக்கும் கிராக்கி. புரட்டாசி, ஐப்பசி என்றால் தார்ப்பாய் இல்லாத வண்டியைப் பேசவே பேசாதீர்கள். கோலார் பக்கத்தில் மழை வலுக்கும் மாதங்கள் அவை.

பீரோ வாசலைத் தாண்டுமா என்று முதலில் அளந்து பாருங்கள். சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டை முன்னும் பின்னும் இழுத்துக் கட்டாதவர்கள் குறைவு. முன்னால் ஒரு ரூம், பக்கத்தில் ஒரு பாத்ரூம், நடுவில் ஒரு திருப்பம். பீரோவும் தேக்குக் கட்டிலும் உள்ளே போனபோது இருந்த வாசல் இப்போது இருக்காது. வண்டி வந்து நின்ற பிறகு இது தெரியவந்தால், நிலையைப் பெயர்ப்பதா பீரோவை விற்பதா என்று தெருவே கூடிப் பஞ்சாயத்து நடத்தும். உயரம், அகலம் இரண்டையும் நாடாவால் அளந்து, திருப்பத்தில் சாய்த்துத் திருப்ப இடம் உண்டா என்று பார்த்துவிடுங்கள். பீரோவைத் தூக்குமுன் உள்ளே ஒரு துணிகூட இல்லாமல் காலி செய்து, கண்ணாடிக் கதவின் மேல் போர்வையைச் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். பூட்டை நம்பக் கூடாது. பாதி வழியில் கதவு திறந்துகொண்டால் அடிபடுவது தூக்குகிறவனின் முகம்.

வண்டி எதுவரை வரும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். லைன்களுக்கு நடுவே உள்ள சந்தில் குட்டி யானை நுழைவதே பாடு. பதினான்கு அடி எய்ச்சர் லாரி மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். போனில் விலை பேசும்போது இதைச் சொல்லாவிட்டால், வந்து பார்த்ததும் “இவ்வளவு தூரம் தூக்கணும்னு சொல்லலையே” என்று மேற்கொண்டு கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. வாசலிலிருந்து ரோடு வரை நடந்தபடி ஒரு வீடியோ எடுத்து அனுப்பிவிடுங்கள். பெங்களூர் வீட்டின் மாடிப்படியையும் அப்படியே. அடுக்குமாடி என்றால், எந்த நாளில் எத்தனை மணிக்குச் சாமான் ஏற்றலாம் என்று அசோசியேஷனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூடாது என்கிற இடங்களும் உண்டு.

இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். ஏற்றுகூலி, இறக்குகூலி, மாடிக்கூலி, டோல், பேக்கிங் சாமான் எல்லாம் சேர்த்தா, தனியா என்பது அந்தக் காகிதத்தில் இருக்க வேண்டும். எல்லோரையும்விடப் பாதி விலை சொல்கிறவர் நடுவழியில் மீதியைக் கேட்பார். சாமான் அவர் கையில் இருக்கும்போது உங்களால் பேரம் பேச முடியாது.

நண்பர்கள் செலவையும் கணக்கில் எழுதுங்கள். காலை டிபன், மத்தியானம் பிரியாணி, டீ, திரும்பி வர ரயில் கட்டணம், தினக்கூலிக்காரனாக இருந்தால் அவனுடைய ஒருநாள் சம்பளம். இதோடு அவர்கள் வீடு மாறும்போது நீங்களும் போய் நிற்க வேண்டும். மொய் மாதிரிதான் இது. கூட்டிப் பார்த்தால், ஏற்றி இறக்க மட்டும் இரண்டு மூன்று ஆட்களை வண்டியோடு பேசிக்கொள்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது தெரியும்.

ஆகவே நண்பர்களை முந்தைய ஞாயிறே கூப்பிடுங்கள். எம்.ஜி. மார்க்கெட் கடைகளில் காலி அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி வரட்டும். பாத்திரத்தைப் பழைய வேட்டியிலும் புடவையிலும் சுற்றி, பெட்டிமேல் ‘சமையல்’, ‘சாமி’, ‘புஸ்தகம்’ என்று எழுதி, நம்பர் போட்டு ஒரு நோட்டில் குறித்து வைக்கட்டும். இந்த வேலைக்குத்தான் வீட்டைத் தெரிந்தவன் வேண்டும். அம்மா எதைப் பத்திரமாக நினைக்கிறாள் என்பது பேக்கர்ஸ் ஆளுக்குத் தெரியாது, நண்பனுக்குத் தெரியும்.

பழைய வீட்டு மின் இணைப்பிலிருந்து உங்கள் ஆதாரைக் கழற்றுங்கள். கிருஹ ஜோதி இலவச மின்சாரத் திட்டத்தில் பழைய மின் இணைப்பின் ஆர்.ஆர். எண்ணோடு சேர்ந்த ஆதாரை விடுவித்தால்தான் புதிய வீட்டில் சேர்க்க முடியும். இதை நண்பனும் செய்ய மாட்டான், லாரிக்காரரும் செய்ய மாட்டார்.

செய்யக்கூடாதவை

பெரியவர்களைத் தூக்க விடாதீர்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்த மாமாவோ பெரியப்பாவோ, நீங்கள் கேட்காமலே முதல் ஆளாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். சுரங்கத் தூசியைச் சுவாசித்து நெஞ்சு கெட்டுப்போனவர்கள் அந்தத் தலைமுறையில் பலர். “நீங்க வேணாம் மாமா” என்றால் கோபம் வரும். அவருக்கென்று ஒரு நிஜமான வேலை கொடுங்கள்: வண்டி அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நோட்டைப் பார்த்து ஏறுகிற பெட்டியை எண்ணுவது. கண் தப்பாமல் எண்ணுவார்கள்.

சாமான் மேல் ஆட்களை ஏற்றாதீர்கள். வண்டி பேசியாயிற்று, பசங்களும் பின்னாலேயே உட்கார்ந்து வந்துவிடட்டும் என்பது நம்மூரில் சகஜம். சரக்கு வண்டியில் ஓசியாகப் பயணம் செய்கிறவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002-இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சாமானின் உரிமையாளரோ அவர் அனுப்பும் ஆளோ கூடப் போகலாம், அதுவும் டிரைவர் பக்கத்தில். மற்றவர்கள் ரயிலில் வரட்டும்.

கேஸ் சிலிண்டரை வண்டியில் ஏற்றாதீர்கள். வேறு ஊருக்குப் போகும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவர்கள் தரும் வவுச்சரைக் காட்டிப் புது இடத்தில் இணைப்பு எடுக்க வேண்டும். அடுப்பு மட்டும் உங்களோடு வரும்.

பழைய காகிதங்களை மூட்டையில் கட்டாதீர்கள். கம்பெனி குவார்ட்டர்ஸ் கொடுத்த சீட்டு, பி.எஃப். கணக்கு, அப்பாவின் சர்வீஸ் சர்டிஃபிகேட். இவை தொலைந்தால் மறுபடி எழுதித் தர வேண்டிய ஆபீஸே மூடிக் கிடக்கிறது. நகையோடு சேர்த்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறுங்கள். இரண்டாம் வகுப்பில் ஆளுக்கு 35 கிலோ வரை இலவசம் என்பதால், சாமி படமும் பால் காய்ச்சும் பாத்திரமும்கூட அதிலேயே போகலாம்.

மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். கொஞ்சம் அட்வான்ஸ், மீதி இறக்கிய பிறகு. ஒப்புக்கொள்ளாதவரை விட்டுவிடுங்கள்.

‘இன்சூரன்ஸ்’ என்று பில்லில் ஒரு வரி இருப்பதை இன்சூரன்ஸ் என்று நினைக்காதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனியின் பாலிசி கையில் வந்தால்தான் அது இன்சூரன்ஸ். பாலிசியும் இல்லாமல், பொருளின் மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணமும் கட்டாமல் அனுப்பினால், சாலைவழிச் சரக்குப் போக்குவரத்து விதிகளின்படி லாரி கம்பெனியின் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கைத் தாண்டாது. சாமான் விலையைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உடைந்ததற்கு நண்பனிடம் கணக்குக் கேட்காதீர்கள். டி.வி. போனால் போனதுதான். போனால் தாங்காது என்கிற பொருளை அவன் கையில் கொடுத்ததே உங்கள் முடிவு. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டி.வி. மூன்றையும் கூலியாட்களிடம் விடச் சொல்வது இதனால்தான்.

பெங்களூருக்குப் பதில் தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் செக்போஸ்ட்டை நினைத்துப் பயப்படாதீர்கள். புழங்கிய வீட்டுச் சாமானுக்கு ஈ-வே பில் தேவையில்லை. சாமான் பட்டியல் ஒன்று கையில் இருந்தால் போதும். கே.ஏ.08 நம்பர் பைக்கைக் கொண்டுபோனால் மட்டும் கே.ஜி.எஃப். ஆர்.டி.ஓ.வில் தடையின்மைச் சான்று வாங்கிவிடுங்கள். 12 மாதத்துக்கு மேல் அங்கே ஓட்டுவதானால் நம்பரை மாற்றியாக வேண்டும்.

எண்ணிப் பார்க்காமல் டெலிவரி ரசீதில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆட்கள் அவசரப்படுத்துவார்கள், உங்களுக்கும் களைப்பாக இருக்கும். மாமா எண்ணிய நோட்டை எடுத்துச் சரிபாருங்கள். குறைந்ததையும் உடைந்ததையும் ரசீதிலேயே எழுதி, போட்டோ எடுத்துக்கொண்டு பிறகு கையெழுத்துப் போடுங்கள். லாரி கம்பெனி மீது வழக்குப் போடுவதானால், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள்.