பன்றித் தீவனம்: உள்நாட்டுப் பொருள்களில் எதைத் தேர்வது?

பன்றி வளர்ப்புக்கு ஆகும் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போய்விடுகிறது என்பதையும், அத்தீவனத்தின் பிரதான அங்கங்களாகிய மக்காச்சோளமும் சோயாவும் பெரும்பாலும் கடல் கடந்த நாடுகளில் விளைந்து கப்பலேறி வருகின்றன என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், ரிங்கிட்டின் மதிப்பு சற்றே சரிந்தாலும் கோலலங்காட் வட்டாரத்துத் தஞ்சோங் சிப்பாட்டில் கொட்டில் வைத்திருக்கும் சிறு பண்ணைக்காரர் ஏன் கலங்குகிறார் என்பது எளிதில் விளங்கும். அக்கம்பக்கத்தில் மலிவாகக் கிடைப்பது எதுவோ அதை அவர் நாடுவதும் இயற்கையே. கோலாலம்பூர் மாநகர எல்லைக்குள் பன்றிக் கொட்டிலுக்கு இடமில்லை. ஆயினும் அவருக்குப் பயன்படக்கூடிய பொருள்களில் பல செந்தூலைப் போன்ற நகரப் பகுதிகளிலேதான் தினந்தோறும் உண்டாகின்றன. தவ்பூ பட்டறையில் சோயாச் சக்கை, பசாரில் தேங்காய் திருகும் கடையில் பால் பிழிந்த சக்கை, செலாயாங் மொத்தச் சந்தையில் கழித்துப்போட்ட கீரையும் முட்டைக்கோஸும், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் இலையோடு சுருட்டி எறியும் மிச்சம் ஆகிய இவற்றுள் எதை ஏற்பது, எதை விலக்குவது, தோட்டத்திலிருந்தும் வயலிலிருந்தும் வருகின்ற பொருள்களோடு இவற்றை எவ்வாறு ஒப்பிடுவது என்பதைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில் அளவுகோலைத் திருத்திக்கொள்ள வேண்டும். மூட்டையின் விலையை மட்டும் பார்த்து மலிவு என்று முடிவு கட்டுகிறவர்கள், அந்த மூட்டைக்குள் இருக்கும் தண்ணீருக்கும் தாங்கள் பணம் கொடுக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள். சோயாச் சக்கையை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். பட்டறையிலிருந்து வந்த சக்கையில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் வெண்ணீர் வழியும்; நூறு கிலோவில் எழுபத்தைந்து முதல் எண்பது கிலோ வரை நீரே. எஞ்சிய இருபத்திரண்டு கிலோ அளவான உலர்பொருளில் புரதம் ஏறக்குறைய ஆறு கிலோ தேறும். அந்த ஆறு கிலோ புரதம் பதின்மூன்று கிலோ சோயாப் பிண்ணாக்கிலேயே கிடைத்துவிடுகிறது. ஆகையால் நூறு கிலோ சக்கையை வாங்கி, லாரியில் ஏற்றிக் கோலலங்காட் வரை கொண்டு சேர்க்க ஆகும் செலவு, பதின்மூன்று கிலோ பிண்ணாக்கின் விலையோடு, சக்கையில் உள்ள கொழுப்பும் மாவும் தருகின்ற சக்திக்காக இன்னும் சிறிது சேர்த்த தொகைக்கு உட்பட்டிருந்தால்தான் லாபம். ஏற்றுக்கூலி மட்டுமே அதற்கு மேற்பட்டால் சக்கையை இலவசமாகக் கொடுத்தாலும் நஷ்டமே. அன்றியும், காலையில் வந்த சக்கை நம் வெயிலில் மறுநாளே புளித்து நாறத் தொடங்கும். பச்சைச் சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் சத்து ஒன்று உண்டாதலால், பட்டறையில் சரியாக வேகாத சக்கையைத் திரும்பவும் கொதிக்க வைத்தே கொடுக்க வேண்டும். நாள்தோறும் எடுத்துவரத் தக்க தூரத்தில் இருப்பவருக்கு மட்டுமே இது உகந்தது என்பது என் அபிப்பிராயம்.

மதுபானத் தொழிற்சாலைகளில் எஞ்சும் வாற்கோதுமைச் சக்கைக்கும் இக்கணக்கே பொருந்தும். ஷா ஆலமிலும் சுங்கைவேயிலும் பெரிய ஆலைகள் இருப்பதால் இப்பொருள் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் புதிதன்று. ஆனால் அதிலே நார் மிகுதியாகையால் மாட்டுக்குப் பொருந்துகிற அளவுக்குப் பன்றிக்குப் பொருந்தாது. சினைப்பன்றிக்குக் கொஞ்சம் கொடுக்கலாம், குட்டிக்கு வேண்டா.

இனிச் செம்பனைக்கு வருவோம். கோல சிலாங்கூரிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917இல் வியாபார நோக்கோடு முதன்முதலாகப் பயிரிடப்பட்ட இம்மரம், நம் மக்களின் உழைப்பால் வளர்ந்து இந்நாட்டின் பெருஞ்செல்வமாயிற்று. அதன் கொட்டைப் பருப்பிலிருந்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் பிண்ணாக்கு மலேசியாவில் ஏராளமாகக் கிடைப்பதோடு, உலர்ந்ததாகவும் இருப்பதால், ஏற்றிச் செல்லவும் சேமித்து வைக்கவும் சிரமமில்லை. புரதம் பதினான்கு முதல் பதினெட்டு விழுக்காடு வரை உண்டு. சோளத்திலோ எட்டு அல்லது ஒன்பதுதான். இதைக் கண்டு சோளத்தை விட இது மேல் என்று எண்ணிவிடலாகாது. பன்றியின் வயிறு செரிக்க மாட்டாத நார் இதில் மிகுதி. தசை வளர்ச்சிக்கு அத்தியாவசியமான லைசின் என்னும் அமிலம் குறைவு. போதாக்குறைக்கு ஓட்டுத் தூளும் கலந்திருக்கும். வாங்குமுன் ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு கைப்பிடி போட்டுக் கலக்கி வைத்துப் பாருங்கள். அடியில் கறுப்பு மணலாகத் தங்கும் ஓட்டுத் துகள் மிகுதியாயிருந்தால் அந்தச் சரக்கை விட்டுவிடுவதே நல்லது. பூஞ்சணம் பிடித்த வாடை இருந்தாலும் அவ்வாறே. இருபது கிலோ எடைக்குட்பட்ட குட்டிகளுக்கு இதைக் காட்டவே கூடாது. அறுபது கிலோவைத் தாண்டிய பன்றிகளுக்குத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை தாராளமாகச் சேர்க்கலாம்.

மரவள்ளிக்கிழங்கைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்ல வேண்டும். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் இந்நாட்டு மக்களின் உயிரைப் பிடித்து வைத்த கிழங்கு இது. எந்தப் புறம்போக்கிலும் விளையும். மாவுச்சத்தில் சோளத்துக்குச் சளைத்ததன்று. ஆனால் உலர்ந்த கிழங்கிலும் புரதம் இரண்டு, மூன்று விழுக்காட்டுக்கு மேல் இல்லை. ஆகவே இதைச் சோளத்தோடு நேருக்கு நேர் ஒப்பிடுவது பிழை. உலர்ந்த மரவள்ளிச் சீவல் எண்பத்தைந்து கிலோவும் சோயாப் பிண்ணாக்குப் பதினைந்து கிலோவும் சேர்ந்தால்தான் நூறு கிலோ சோளத்துக்கு ஈடாகும். அவ்விரண்டின் விலையையும் கூட்டிச் சோளத்தின் விலையோடு வைத்துப் பார்த்து, குறைவாயிருந்தால் மட்டுமே மாற்றிக்கொள்ள வேண்டும். பச்சைக் கிழங்கில் சயனைடு என்னும் கொடிய விஷமாக மாறக்கூடிய சத்து இருப்பதை நம் பாட்டிமார் அறிந்தே தோலை உரித்து, வேகவைத்து, நீரை இறுத்துக் கொட்டினார்கள். பன்றிக்கும் அதே ஜாக்கிரதை வேண்டும்: மெல்லிய சீவலாக நறுக்கி, ஒடித்தால் சடக்கென்று முறியும் வரை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைப்பது ஒரு வழி, மாலைதோறும் மழை பெய்யும் மாதங்களில் வேகவைப்பதே வழி. சொந்த நிலத்தில் கிழங்கு போடக்கூடியவருக்கு இதைப் போன்ற ஆதரவு வேறில்லை; விலைக்கு வாங்கி, விறகுக்கும் கூலிக்கும் கொடுத்துப் பார்க்கிறவருக்கு மீதம் ஒன்றும் நிற்பதில்லை.

செகிஞ்சான் வயல்களை அடுத்த அரிசி ஆலைகளிலிருந்து வரும் நொய்யும் தவிடும் இவை எல்லாவற்றிலும் நம்பகமானவை. நொய்யரிசி சோளத்தின் இடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும், இளங்குட்டிக்கும் ஒத்துக்கொள்ளும். தவிட்டில் புரதம் பன்னிரண்டு விழுக்காட்டளவு இருப்பதோடு எண்ணெய்ப்பசையும் உண்டு. அந்த எண்ணெயே அதன் குறையுமாகிறது, ஏனெனில் அரைத்த சில நாள்களிலேயே அது சிக்குவாடை பிடிக்கத் தொடங்குகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளும் அளவுக்கு வாங்காதீர்கள். உமித்தூள் கலந்த தவிட்டைத் தண்ணீரில் தூவினால் உமி மிதந்து காட்டிக்கொடுக்கும். தீவனத்தில் கால் பங்குக்கு மேற்பட்டால் இறைச்சியின் கொழுப்பு தளர்ந்து போவதால், வியாபாரி விலையைக் குறைப்பார்.

தேங்காய்ச் சக்கையில் புரதம் சொற்பம், கொழுப்பு மிகுதி. புதிதாகக் கிடைத்தால் பத்தில் ஒரு பங்கு சேர்க்கலாம். சந்தைக் கீரைக் கழிவும், முற்காலத்தில் சீனப் புதுக்கிராமங்களில் தவிட்டோடு வேகவைத்துக் கொடுத்த ஆகாயத்தாமரையும் வயிற்றை நிரப்புமே அன்றி எடையைக் கூட்டா.

எஞ்சியிருப்பது உணவுக்கடை மிச்சம். காசில்லாமல் கிடைக்கும் இப்பொருளே முடிவில் மிகப் பெரிய செலவை இழுத்து வைப்பது என்று சொல்வேன். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2018இல் சீனாவில் பரவி, 2021 பிப்ரவரியில் சபாவிலும் அவ்வாண்டின் இறுதியில் தீபகற்பத்திலும் புகுந்தது. மனிதனுக்குத் தீங்கு செய்யாத அக்கிருமி பன்றியிறைச்சித் துண்டுகளில் பல மாதம் உயிரோடிருந்து, எச்சில் வாளியின் வழியே கொட்டிலுக்குள் நுழைந்தால், சிகிச்சை என்று ஒன்று இல்லாமையால் கொட்டில் முழுவதும் காலியாகிவிடும். பிரிட்டனை 2001இல் உலுக்கிய கோமாரி நோயும் சரியாகக் கொதிக்க வைக்காத எச்சிற்சோற்றை உண்ட பன்றிப் பண்ணையிலிருந்தே கிளம்பியதாகக் கண்டு, அந்நாடு அவ்வழக்கத்தை அவ்வாண்டே தடை செய்தது. குழம்பிலும் ஊறுகாயிலும் உள்ள உப்பு மட்டுமே பன்றியைக் கொல்லப் போதுமானதாகிவிடுவதும் உண்டு.

மரத்தடியில் உதிர்ந்த பழங்களையும் இத்தோடு சேர்த்து விலக்குங்கள். ஈப்போவை அடுத்த கிந்தாப் பகுதியில், பன்றிக் கொட்டிலை ஒட்டிய பழத்தோட்டத்தில் பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்களின் வழியாகவே நிப்பா கிருமி பன்றிகளுக்குத் தொற்றியது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். 1998இல் அங்கே தொடங்கி நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வரை பரவிய அந்நோய் 265 பேரைப் பீடித்து 105 உயிர்களைக் கொண்டுபோயிற்று. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

ஆகவே, அறுபது கிலோவைத் தாண்டிய பன்றிகளுக்குச் சோளம் 45, செம்பனைப் பிண்ணாக்கு 20, புதுத் தவிடு 18, சோயாப் பிண்ணாக்கு 15, தாது உப்புக் கலவை 2 என்ற பங்கில் கலந்தால் ஏறக்குறைய 16 விழுக்காடு புரதம் கிடைக்கும். சிறு பண்ணைக்காரர் இதிலிருந்து தொடங்குவதே உசிதம். சோளம் விலையேறும் மாதங்களில் அதில் பாதியை நொய்யாகவோ மேற்சொன்ன கணக்குப்படி மரவள்ளியாகவோ மாற்றிக்கொள்ளலாம். செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் உணவுக்கடை நடத்தும் அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: வாளியோடு வந்து எச்சில் இலை கேட்பவர் எவ்வளவு ஏழையாயினும், பன்றிக்கென்று கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள், அரிசியில் புடைத்தெடுத்த நொய்யும் நறுக்கிய காய்கறித் துண்டும் தனியே எடுத்து வைத்து, அதைக் கொடுங்கள்.