கயிற்றிலும் நீரிலும் பயிரிலும் இழுவிசை

கிணற்றிலிருந்து நீர் நிறைந்த வாளியை இழுக்குங்கால் கயிறு விறைத்து நிற்கிறது. அக்கயிற்றின் எவ்விடத்தை எடுத்துக்கொண்டாலும், மேற்பகுதி கீழ்ப்பகுதியை மேல்நோக்கியும், கீழ்ப்பகுதி மேற்பகுதியைக் கீழ்நோக்கியும் இழுக்கின்றன. இவ்வாறு ஒரு பொருளின் பகுதிகள் ஒன்றையொன்று இழுக்கும் விசையே பௌதிகத்தில் இழுவிசை எனப்படும். அழுத்தம் இதற்கு நேர்மாறானது. அங்கே பகுதிகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன.

திரவங்களிலும் இழுவிசை உண்டு. நீரின் உட்புறத்திலுள்ள மூலக்கூறை அண்டை மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் சமமாக இழுக்கின்றன. மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுக்கோ மேலே நீர் இல்லை. ஆதலால் பரப்பு சுருங்க முயல்கிறது. இதுவே பரப்பு இழுவிசை. 20 டிகிரி சென்டிகிரேடில் தூய நீருக்கு இதன் அளவு மீட்டர் ஒன்றுக்குச் சுமார் 0.073 நியூட்டன் ஆகும். மெல்லக் கிடத்திய தையல் ஊசியை நீர்ப்பரப்பு தாங்குவதையும், சோப்புக் கரைசல் சில துளிகள் விட்டவுடன் ஊசி மூழ்குவதையும் ஆசிரியர்கள் வகுப்பில் காட்டலாம்.

தாவரங்களின் வாழ்வு இவ்விசையைச் சார்ந்தது. உறிஞ்சு பம்பு நீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் உயர்த்த இயலாது. காற்றழுத்தம் அதற்கு மேல் நீரைத் தாங்காது. ஆயினும் கலிபோர்னியாவின் ரெட்வுட் மரங்களுள் சில 110 மீட்டருக்கும் மேல் வளர்ந்துள்ளன. அவற்றின் உச்சிக்கு நீர் செல்வது எவ்வாறு? டப்ளின் நகரில் தாவரவியலறிஞர் ஹென்றி டிக்சனும் பௌதிக அறிஞர் ஜான் ஜோலியும் 1894இல் இதற்கு விடை கூறினர். இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது, செல்சுவர்களின் நுண்ணிடைவெளிகளில் நீர்ப்பரப்பு உட்குழிந்து, பின்னுள்ள நீரை இழுக்கிறது. மூலக்கூறுகளின் ஓரினக் கவர்ச்சியால் நீர்த்தம்பம் அறுபடாது வேர்வரை நீள்கிறது. பகற்பொழுதில் தண்டினுள் இருக்கும் நீர், விறைத்த கயிற்றை ஒத்தது.

அக்கயிற்றின் மறுமுனை மண்ணில் உள்ளது. மண்துகள்களும் நீரைப் பற்றி இழுக்கின்றன. ஈரம் குறையக் குறைய எஞ்சிய நீர் மேலும் நுண்ணிய துளைகளில் ஒதுங்குவதால், மண்ணின் பிடி வலுக்கிறது. அப்பிடி சுமார் 15 பார் அளவை எட்டும்போது பெரும்பாலான பயிர்கள் நிரந்தரமாக வாடும் என்று கொள்ளப்படுகிறது. மணற்பாங்கான நிலத்தில் 10 சதவீத ஈரம் பயிருக்குப் போதுமானதாகலாம். கனத்த களிமண்ணில் அதே 10 சதவீதம் இருந்தும் பயிர் வாடும். ‘நிலத்தில் ஈரம் இருக்கிறது, பயிர் ஏன் வாடுகிறது?’ என்று உழவர் வினவும்போது களப்பணியாளர் கூறத்தக்க விடை இதுவே: எவ்வளவு நீர் உள்ளது என்பதோடு, அது எவ்வளவு இறுகப் பிடிக்கப்பட்டுள்ளது என்பதும் முக்கியம்.

இப்பிடியை அளப்பது டென்சியோமீட்டர் என்னும் கருவி. நீர் நிரம்பிய குழாயின் அடியில் நுண்துளைகளுள்ள சுட்டமண் கிண்ணமும், மேலே அளவுமானியும் இதில் அமைந்துள்ளன. மண் உலர்ந்தால் குழாயின் நீர் வெளியே இழுக்கப்பட்டு முள் உயரும். ஆனால் சுமார் 0.8 பாருக்கு மேல் இக்கருவி பயன்படாது. குழாயில் காற்று புகுந்து நீர்த்தம்பம் அறுபட, முள் பூஜ்யத்தை நோக்கித் திரும்பும். அதனைக் கண்டு நிலம் ஈரமாக உள்ளதெனக் கருதி நீர் பாய்ச்சாமல் விடுவது பயிருக்குக் கேடாகும். அறுந்த கயிற்றில் இழுவிசை இராது. எனவே முள் பூஜ்யத்தைக் காட்டினால், குழாயில் நீர் நிறைந்துள்ளதா என்பதை முதலில் பார்த்தல் வேண்டும்.