பஞ்சப் படத்தின் முன்னால் உட்காரும் பிள்ளைகளுக்கு

கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். கைபேசியில் ஒரு படம்: எலும்பும் தோலுமாக ஒரு கூட்டம். அடியில் ‘வங்காளப் பஞ்சம், 1943’ என்று இருந்தது. “ஐயா, இதை வச்சுக் கருத்தரங்குல பேசணும். எப்படிப் பார்க்கிறதுன்னு சொல்லுங்க” என்றார்கள். திண்டுக்கல்லில் நாற்பது வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தவன் நான். அன்று சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதித் தருகிறேன்.

1. படத்துக்கு அடியில் எழுதியிருப்பதை முதலில் விரலால் மறையுங்கள். இந்தப் படம் வங்காளமும் இல்லை, 1943-ம் இல்லை. 1876 முதல் 1878 வரை நம் சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருசப் பஞ்சத்தில் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த படங்களில் ஒன்று. வங்காளப் பஞ்சத்தில் சுனில் ஜானா என்ற புகைப்படக்காரர் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜானாவின் கையில் பிலிம் கேமரா. பசித்தவர்கள் இருந்த இடத்துக்கு அவர் போனார். ஹூப்பரின் படத்தில் எல்லோரும் கொண்டுவந்து உட்கார வைக்கப்பட்டவர்கள். அறுபத்தைந்து வருட இடைவெளி அந்த உட்காரும் விதத்திலேயே தெரிகிறது.

2. எதைக் கொண்டு எடுத்தார்கள் என்று கேளுங்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலும் கண்ணாடித் தகடுதான். மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே கூடாரத்து இருட்டில் கழுவ வேண்டும். வெளிச்சம் விழச் சில விநாடிகள் பிடிக்கும். நிற்கத் தெம்பில்லாதவர்களை ‘அசையாதே’ என்று சொல்லித்தான் இந்தப் படம் எடுக்க முடியும்.

3. இப்போது ஆட்களின் வரிசை. இதில் அதிக நேரம் நில்லுங்கள். பின்னால் நிற்பவர்கள், முன்னால் தரையில் அமர்ந்தவர்கள், மடியில் பிள்ளை. இதே வரிசையில்தான் நான் ஆயிரக்கணக்கான குரூப் போட்டோ எடுத்தேன். எல்லார் முகமும் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி அமைப்போம். ஹூப்பரின் வரிசையில் முகத்தோடு விலா எலும்பும் தெரிய வேண்டியிருக்கிறது. உடம்புகள் ஒளிக்கு நேராகத் திருப்பப்பட்டிருக்கின்றன. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்ற ஆங்கிலத் தொகுப்புக்குப் படம் கொடுத்தவர்களில் ஹூப்பரும் ஒருவர். சாதி வாரியாக, குலம் வாரியாக மனிதர்களை மாதிரிகளாக நிறுத்தி எடுத்த படங்கள் அவை. பஞ்சம் வந்தபோதும் அதே கண்ணோடுதான் பார்த்தார். முன்பு குலத்துக்கு மாதிரி எடுத்தவர், இப்போது பசிக்கு மாதிரி எடுத்தார். எனக்கு இந்தப் படங்களில் மிகவும் வலிப்பது இதுதான்.

4. விரலை எடுத்துவிட்டு, எடுத்தவர் காலத்துத் தலைப்பைத் தேடிப் படியுங்கள். ‘இலவச நிவாரணத்துக்கு உரியவை’ என்ற பொருளில் ஒரு தலைப்பு ஹூப்பரின் இந்தப் படங்களில் உண்டு. உரியவர்கள் அல்ல, உரியவை. உழைக்க முடிந்தவனுக்கு வேலை, முடியாதவனுக்கு மட்டும் இலவசக் கஞ்சி என்பது அன்றைய அரசின் விதி. யார் முடியாதவன்? அதிகாரி உடம்பைப் பார்த்து முடிவு செய்வார். கேமரா பார்ப்பதும் அதே பார்வைதான்.

5. படச் சட்டத்துக்கு வெளியே என்ன இருந்தது என்று தேடுங்கள். படத்தில் வறண்ட உடம்பு இருக்கிறது; அதைப் பார்த்தால் ‘மழை பொய்த்தது, மக்கள் மாண்டார்கள்’ என்றுதான் தோன்றும். மழை பொய்த்தது உண்மை. ஆனால் தானியம் கப்பலேறிக்கொண்டே இருந்தது. திருச்சியிலிருந்து மதுரைக்கு நம் ஊர் வழியாக ரயில் வந்தது 1875-இல், பஞ்சத்துக்கு முந்தின வருடம். தண்டவாளம் போட்டுவிட்டால் பஞ்சம் வராது என்று நம்பினார்கள். தானியமோ விலை அதிகமாக இருக்கும் பக்கம்தான் போனது. 1877 ஜனவரி முதல் நாள் டெல்லியில் வைசிராய் லிட்டன் தர்பார் நடத்தி விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்தார். அதே மாதம், லிட்டன் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலை செய்பவருக்குக் கூலியைச் சுமார் 450 கிராம் தானியமும் ஓரணாவுமாகக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இதைத் தின்று உழைக்க முடியாது என்று வாதாடினார். மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இதில் ஒரு வரிகூடப் படத்தில் கிடையாது.

6. கோபம் வரட்டும். ஆனால் படத்தில் இல்லாததைப் படத்தின் மேல் ஏற்றாதீர்கள். ஹூப்பர் இவர்களை வரவழைத்துப் படமெடுத்துவிட்டுப் பட்டினியாகவே அனுப்பினார் என்று ஒரு கதை உண்டு. இந்தத் தகடு அதற்குச் சாட்சி சொல்லாது. அவரைப் பற்றிப் பேச வேண்டுமானால் பதிவில் இருப்பதைப் பேசுங்கள்: 1886-இல் மண்டலேயில் பர்மியக் கைதிகளைச் சுட்டுக் கொன்றபோது அந்த நொடியைப் பிடிக்கக் கேமராவைத் தயாராக வைத்திருந்தார். லண்டன் நாடாளுமன்றம் வரை கேள்வி எழுந்தது, விசாரணையும் நடந்தது.

7. நம் பக்கத்துச் சாட்சியைப் படத்தோடு சேர்த்துப் படியுங்கள். அந்தப் பஞ்சத்தைப் பார்த்த வில்லியப்ப பிள்ளை சிவகங்கைச் சீமையிலிருந்து ‘பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்’ எழுதினார். என் பாட்டி, தட்டில் சோறு மிஞ்சினால் “தாது வருசத்தை மறந்துட்டியா” என்பார். அவர் பிறப்பதற்கு முன் நடந்தது அது. அவருடைய அம்மா சொல்லிச் சொல்லி அவர் வாயில் ஏறிய பேச்சு.

8. கருத்தரங்கு வாசலில் ஃபிளெக்ஸ் அடித்து இதைப் பெரிதாக்கி வைக்காதீர்கள். கையில் பிடித்துப் பார்க்கும் அளவு போதும். பசித்தவர் உடம்பைத் தெருவில் போகிறவர்கள் ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டுப் போவதில் எனக்குச் சம்மதமில்லை.

9. கடைசியாகப் பெயர். டெல்லி தர்பார் படங்களில் ராஜாக்களுக்குப் பெயர் உண்டு, பட்டம் உண்டு. ஹூப்பருக்குப் பெயரோடு ராணுவப் பதவியும் உண்டு. அந்தத் தாய்க்கும் மடியிலிருக்கும் பிள்ளைக்கும் ஒருவரும் பெயர் எழுதவில்லை. இனி யாராலும் எழுதவும் முடியாது. நீங்கள் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் டிரங்குப் பெட்டியிலிருக்கும் பழைய போட்டோக்களை எடுத்து, அப்பத்தாவையோ அம்மாச்சியையோ பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு முகமாகக் கேட்டுப் பின்பக்கம் பெயர் எழுதுங்கள். மென்மையான பென்சிலால், அழுத்தாமல். பேனா வேண்டாம், மை ஊறி முகத்துக்கு வந்துவிடும்.