இரு மோட்டார், ஒரு பேட்டரி: ஹாரியர் இவி, எக்ஸ்இவி 9இ குறித்த நம்பிக்கைகளும் உண்மைகளும்

முப்பது லட்சம் ரூபாய்க்கு அருகில் வேகமான மின்சார எஸ்யூவி ஒன்றைத் தேடுபவரின் பட்டியலில் இன்று இரண்டு பெயர்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. ஒன்று, மஹிந்திரா நிறுவனம் 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் அறிமுகப்படுத்திய எக்ஸ்இவி 9இ. மற்றொன்று, டாடா மோட்டார்ஸ் 2025 ஜூன் 3 அன்று வெளியிட்ட ஹாரியர் இவி. முன்னதற்குத் தமிழ்நாட்டோடு உள்ள தொடர்பு அறிமுக விழாவோடு முடிவதில்லை. புனேக்கு அருகே சாக்கனில் தயாரிக்கப்பட்டாலும், அதன் உருவாக்கப் பணிகளில் பெரும்பங்கு செங்கல்பட்டுக்கு அருகே மஹிந்திரா சிட்டியிலுள்ள ஆய்வு மையத்திலும் செய்யாறு சோதனை ஓடுதளத்திலும் நடந்தது. இங்கே ஒப்பிடப்படுபவை இரு வண்டிகளின் உயர் வகைகள்: 79 யூனிட் பேட்டரியும் பின்சக்கரங்களை இயக்கும் ஒற்றை மோட்டாரும் கொண்ட எக்ஸ்இவி 9இ, 75 யூனிட் பேட்டரியும் முன்னும் பின்னுமாக இரு மோட்டார்களும் கொண்ட நான்கு சக்கர இயக்க ஹாரியர் இவி. அறிமுகத்தின்போது இவற்றின் ஷோரூம் விலை முறையே 30.50 லட்சம், 28.99 லட்சம். யூனிட் என்பது வீட்டு மின்கட்டண அட்டையில் காணப்படும் அதே கிலோவாட்-மணி. பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைச் சேமிக்கிறது என்பதை அது சொல்கிறது. கிலோவாட் என்பதோ அந்த மின்சாரம் எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது அல்லது உள்ளே ஏறுகிறது என்பதற்கான அளவு. வாங்குவோரிடையே நிலவும் தவறான நம்பிக்கைகளில் பல, இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதிலிருந்து பிறப்பவை.

நம்பிக்கை: இரண்டு மோட்டார் இருந்தால் திறனும் இரண்டையும் கூட்டிய அளவு கிடைக்கும்

ஹாரியர் இவியின் முன் மோட்டாருக்கு 116 கிலோவாட், பின் மோட்டாருக்கு 175 கிலோவாட் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. இரண்டையும் கூட்டினால் 291 வருகிறது. எக்ஸ்இவி 9இயின் ஒற்றை மோட்டார் 210 கிலோவாட், அதாவது 286 குதிரைத்திறன். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, முதலாவது வண்டி இரண்டாவதை எளிதில் பின்தள்ளிவிடும் என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஹாரியருக்கு 6.3 நொடியும் எக்ஸ்இவி 9இக்கு 6.8 நொடியும் ஆவதாக அந்தந்த நிறுவனங்களே சொல்கின்றன. எண்பது கிலோவாட் கூடுதலாக இருப்பதாகக் கருதப்படும் வண்டிக்குக் கிடைப்பது அரை நொடி மட்டுமே.

காரணம் எளிய இயற்பியலில் இருக்கிறது. ஒவ்வொரு மோட்டாருக்கும் எழுதப்படும் எண், அந்த மோட்டார் தனக்கு உகந்த சுழல்வேகத்தில், உகந்த வெப்பநிலையில் தரக்கூடிய உச்ச அளவு. இரண்டும் மின்சாரத்தை எடுப்பதோ ஒரே பேட்டரியிலிருந்து. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் ஒரே குழாயில் இரண்டாவது திறப்பைப் பொருத்துவதால் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் இரட்டிப்பாகிவிடுவதில்லை. ஆள் உட்பட ஹாரியரின் எடை 2,300 கிலோ என்று கொண்டால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அது கொண்டிருக்கும் இயக்க ஆற்றலை 6.3 நொடிகளுக்குப் பங்கிடும்போது சராசரியாக ஏறத்தாழ 140 கிலோவாட் வருகிறது. டயர் உராய்வையும் காற்றின் எதிர்ப்பையும் இதனுடன் சேர்த்துக்கொண்டாலும், கூட்டிப் பார்த்துப் பெற்ற 291க்கு அது வெகு தொலைவில்தான் நிற்கிறது. தொடக்க நொடிகளில் வண்டியைக் கட்டுப்படுத்துவது திறன் அல்ல, சக்கரத்தைத் திருப்பும் முறுக்குவிசையும் டயர் தரையைப் பற்றும் அளவும்தான் என்பதும் இந்த இடைவெளிக்கு ஒரு பங்கு காரணம்.

அப்படியானால் இரண்டாவது மோட்டாரின் பயன் என்ன என்றால், அது பற்றுதலில் இருக்கிறது. ஹாரியரின் ஒருங்கிணைந்த முறுக்குவிசை 504 நியூட்டன் மீட்டர். எக்ஸ்இவி 9இக்கு அது 380. ஹாரியரின் அத்தனை விசையையும் இரண்டு சக்கரங்கள் மட்டுமே தரைக்குக் கடத்த நேர்ந்தால், ஈரச் சாலையில் அவை சறுக்கும். சறுக்கலை உணரும் மின்னணுக் கட்டுப்பாடு உடனே விசையைக் குறைத்துவிடும். நான்கு சக்கரங்களுக்குப் பகிர்ந்தளிக்கும்போது அந்தத் தேவை குறைகிறது. காய்ந்த நெடுஞ்சாலையில் லாரி ஒன்றைத் தாண்டிச் செல்வதற்கான 60-இலிருந்து 100 வரையிலான பிக்கப், இதற்கு மாறாக, பேட்டரி அந்தக் கணத்தில் எவ்வளவு தர முடியும் என்பதையே பெரிதும் சார்ந்தது. பேட்டரி பதினைந்து விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டாலோ, அடுத்தடுத்து அழுத்தி ஓட்டியதில் சூடேறிவிட்டாலோ, எந்த மின்சார வண்டியும் விளம்பரத்தில் சொன்ன பிக்கப்பைத் தராது. குடும்பத்தோடு சாலையில் செல்பவருக்கு அந்த அரை நொடி வேறுபாடு ஒருபோதும் தெரியப்போவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

நம்பிக்கை: நான்கு சக்கர இயக்கம் ரேஞ்சைத் தின்றுவிடும்; 656 கிலோமீட்டர் தரும் வண்டி 622 தருவதைவிடச் சிக்கனமானது

டீசல் வண்டிகளில் பெற்ற அனுபவம் இங்கே தவறாக வழிகாட்டுகிறது. அவற்றில் நான்கு சக்கர இயக்கம் என்பது கூடுதல் தண்டுகள், பற்சக்கரங்கள், அவற்றின் ஓயாத உராய்வு ஆகியவற்றைக் குறிக்கும். மின்சார வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே தண்டு எதுவும் கிடையாது. தவிர, ஹாரியரின் பின் மோட்டார் நிலைக்காந்தங்களைக் கொண்டது, முன் மோட்டாரோ காந்தமே இல்லாத தூண்டல் வகை. தேவையில்லாதபோது மின்சாரத்தை நிறுத்திவிட்டால், காந்த இழுவை ஏதுமின்றி அது சும்மா சுழன்றுகொண்டிருக்கும். நிலைக்காந்த மோட்டாரை அப்படிச் சும்மா சுழலவிட்டால், காந்தப்புலமே ஒரு மெல்லிய பிரேக்காகச் செயல்படும். அதே 75 யூனிட் பேட்டரியுடன் வரும் பின்சக்கர இயக்க ஹாரியருக்குச் சான்றளிக்கப்பட்ட ரேஞ்ச் 627 கிலோமீட்டர், நான்கு சக்கர இயக்கத்துக்கு 622 என்பதைப் பார்த்தால், இழப்பு எவ்வளவு சிறியது என்பது விளங்கும். இவ்விரு வகைகளுக்கும் இடையே அறிமுகத்தின்போது இருந்த விலை வேறுபாடு ஒன்றரை லட்சம் ரூபாய். பணத்தில் உணரப்படும் அளவுக்கு ரேஞ்சில் இந்த வேறுபாடு உணரப்படுவதில்லை.

எக்ஸ்இவி 9இயின் 656 கிலோமீட்டரை அதன் 79 யூனிட்டால் வகுத்தால், ஒரு யூனிட்டுக்கு 8.3 கிலோமீட்டர். ஹாரியரின் 622-ஐ 75-ஆல் வகுத்தாலும் அதே 8.3 தான் கிடைக்கிறது. ஆக, சோதனைச் சான்றின்படி இரண்டில் எதுவும் மற்றதைவிடச் சிக்கனமானது அல்ல. ஒன்றின் பேட்டரி சற்றுப் பெரியது, அவ்வளவுதான்.

அந்தச் சோதனையே சாலையைப் போன்றதன்று என்பது இதைவிட முக்கியமானது. திருத்தப்பட்ட இந்திய ஓட்டுச் சுழற்சி எனப்படும் இம்முறையில், வண்டி ஆய்வுக்கூடத்தின் உருளைகள்மீது நிறுத்தி ஓட்டப்படுகிறது. அதன் முதற்பகுதி நகர ஓட்டத்தையும், இரண்டாம் பகுதி நகருக்கு வெளியிலான ஓட்டத்தையும் போலச் செய்கிறது. உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியோடு வளர்வதால், 90-இல் இருப்பதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எதிர்ப்பை 110-இல் வண்டி சந்திக்கிறது. சித்திரை வெயிலில் ஓயாமல் ஓடும் ஏசியும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இத்தகைய பெரிய எஸ்யூவி ஒன்று நெடுஞ்சாலையில் யூனிட்டுக்கு ஐந்தரை கிலோமீட்டர் தருவதாகவும், பேட்டரியில் பத்து விழுக்காட்டை மீதம் வைத்துக்கொள்வதாகவும் கொண்டால், எக்ஸ்இவி 9இ சுமார் 390 கிலோமீட்டரும் ஹாரியர் சுமார் 370 கிலோமீட்டரும் செல்லும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 460 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்கு, அப்படி ஓட்டினால், இரண்டுமே வழியில் ஒருமுறை நின்றாக வேண்டும். டாடா நிறுவனம் தன் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கிடைக்கக்கூடியது என்று தனியே ஓர் அளவை வெளியிடுகிறது. சான்றிதழ் எண்ணைவிட வெகுவாகக் குறைந்த அந்த எண்ணைத் தானாகவே முன்வைப்பது பாராட்டத்தக்க வழக்கம்.

வேகம் கூடக்கூட ஒரு வேறுபாடு தலைகாட்டும். எக்ஸ்இவி 9இயின் கூரை பின்புறமாகச் சரிந்து இறங்குகிறது; ஹாரியரோ நிமிர்ந்த பெட்டி வடிவம் கொண்டது. ஆய்வுக்கூடத்தின் மெதுவான சுழற்சியில் பெரிதாக வெளிப்படாத இந்த வடிவ வேறுபாடு, நான்கு வழிச்சாலையில் நாள்முழுதும் 100-ஐ ஒட்டியே செல்பவரிடம் முன்னதற்குச் சாதகமாக வேலை செய்யும்.

நம்பிக்கை: அதிகக் கிலோவாட்டை ஏற்கும் வண்டி வழியில் எப்போதும் முந்திக்கொள்ளும்

எக்ஸ்இவி 9இ நேர்மின் சார்ஜரில் 175 கிலோவாட் வரையிலும், ஹாரியர் 120 கிலோவாட் வரையிலும் ஏற்கும். 20 விழுக்காட்டிலிருந்து 80 வரை ஏற்ற முன்னதற்கு 20 நிமிடமும் பின்னதற்கு 25 நிமிடமும் போதும் என்று நிறுவனங்கள் அறிவித்துள்ளன. ஏறும் மின்சாரத்தைக் கணக்கிட்டால், முதலாவதில் 47 யூனிட், சராசரியாக 142 கிலோவாட். இரண்டாவதில் 45 யூனிட், சராசரி 108. எனவே உச்ச அளவு முழுநேரமும் நீடிப்பதில்லை என்பதும், பேட்டரி நிறைய நிறைய வேகம் இறங்கிவிடுகிறது என்பதும் அவர்களுடைய எண்களிலிருந்தே தெரிகின்றன.

வழியோர உணவகத்தின் வாகன நிறுத்தத்தில் இருப்பது 60 கிலோவாட் சார்ஜராக இருந்தால் நிலைமை தலைகீழாகிறது. அங்கே இரண்டு வண்டிகளும் அதே 60-ஐத்தான் பெறும். 47 யூனிட்டுக்கு 47 நிமிடம், 45 யூனிட்டுக்கு 45 நிமிடம், இழப்புகளைச் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடுதல். இத்தகைய சார்ஜர்கள் பலவற்றில் இரண்டு சார்ஜிங் முனைகள் இருக்கும். பக்கத்தில் இன்னொரு வண்டி வந்து செருகினால் 60 கிலோவாட் முப்பது முப்பதாகப் பிரிந்து, காத்திருப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். 175 கிலோவாட்டின் பலனைப் பெற, தாம் வழக்கமாகச் செல்லும் தடத்தில் 120-க்கு மேற்பட்ட திறனுள்ள சார்ஜர் உண்டா என்பதை வாங்குபவர் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டைப் பொறுத்தவரை, 7.2 கிலோவாட் சார்ஜரில் 79 யூனிட்டை முழுதாக நிரப்பப் பதினோரு மணிநேரத்துக்கு மேல் பிடிக்கும், ஓர் இரவில் முடியும் வேலை. எக்ஸ்இவி 9இக்குக் கிடைக்கும் 11.2 கிலோவாட் சார்ஜர் வேண்டுமென்றால், மும்முனை இணைப்பும் மின்வாரியத்தில் அதற்கேற்ற அனுமதிக்கப்பட்ட சுமையும் தேவைப்படும்; சார்ஜரின் விலையும் வண்டி விலையில் சேராமல் தனியாக வரும்.

நம்பிக்கை: நான்கு சக்கர இயக்கம் மலைப்பாதையில் பாதுகாப்பு

ஏறுவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. எல்லா வண்டிகளிலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் பிடிக்கிறது. ஈரத்தில் நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பவை டயரும் எடையும் வேகமுமே. மலைப்பாதை குறித்துச் சொல்லப்பட வேண்டியது வேறொன்று. மின்சார வண்டிகள் இறக்கத்தில் மோட்டாரையே மின்னாக்கியாக மாற்றி, வேகத்தைக் குறைத்தபடி மின்சாரத்தை மீட்கின்றன. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் 2,300 கிலோ வண்டி, உயரத்தால் மட்டும் ஏறத்தாழ 12 யூனிட் ஆற்றலை இழக்க வேண்டியிருக்கிறது. சாலை உராய்விலும் காற்றிலும் போவது போக மீதியைப் பேட்டரி ஏற்க வேண்டும். உதகை விடுதியிலேயே நூறு விழுக்காடு நிரப்பிக்கொண்டு புறப்பட்டால் ஏற்க இடமிருக்காது. மீட்பு குறைந்து, முழுச் சுமையும் பிரேக் தட்டுகள்மீது விழும். மேலே தங்குபவர் 85 விழுக்காட்டோடு நிறுத்திக்கொண்டு இறங்குவதே முறை. இது இரண்டு வண்டிகளுக்கும் பொருந்தும். தேயிலைத் தோட்டச் சேற்றிலும் கடற்கரை மணலிலும் அடிக்கடி இறங்க வேண்டியவருக்கோ, ஹாரியரின் இரண்டாவது மோட்டார் கொடுத்த பணத்துக்குத் தகுதியானதே.

விபத்துச் சோதனையைப் பொறுத்தவரை ஒப்பீட்டுக்கே இடமில்லை. பாரத் என்கேப் மதிப்பீட்டில் இரண்டும் பெரியவர் பாதுகாப்பில் 32-க்கு 32, குழந்தைகள் பாதுகாப்பில் 49-க்கு 45 என்று ஒரே மதிப்பெண்களையும் ஐந்து நட்சத்திரங்களையும் பெற்றுள்ளன.

நம்பிக்கை: பேட்டரியை ஒருபோதும் முழுதாக நிரப்பக் கூடாது, வாழ்நாள் உத்தரவாதம் வண்டியோடே வரும்

இரண்டிலும் உள்ளவை எல்எஃப்பி எனப்படும் லித்தியம்-இரும்பு-பாஸ்பேட் செல்கள். இவ்வகையில் மின்னழுத்தம், பேட்டரியின் நிரப்பு நிலை மாறினாலும் பெரும்பகுதிக்கு ஏறத்தாழ ஒரே அளவில் நிற்பதால், எவ்வளவு மீதமிருக்கிறது என்பதைக் கணிக்கும் மின்னணு மேலாண்மை அமைப்பு காலப்போக்கில் பிசகக்கூடும். அவ்வப்போது முழுதாக நிரப்பும்போது அது தன் கணக்கைச் சரிசெய்துகொள்கிறது. திரையில் 20 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்த வண்டி திடீரென 12-க்குத் தாவுவது போன்ற குழப்பங்களுக்குப் பெரும்பாலும் இதுவே பின்னணி. செல்களுக்கு உண்மையிலேயே ஆகாதது, முழுதாக நிரப்பிய வண்டியை மே மாத வெயிலில் நாட்கணக்கில் நிறுத்தி வைப்பதுதான்.

இரு நிறுவனங்களும் தரும் வாழ்நாள் பேட்டரி உத்தரவாதம், சொந்த உபயோகத்துக்கு வாங்கிப் பதிவு செய்த முதல் உரிமையாளருக்கு உரியது. வாடகை வண்டியாக ஓட்டினால் அது பொருந்தாது. விற்கப்பட்டால் அடுத்தவருக்கு அது அதே வடிவில் போய்ச் சேராது. எக்ஸ்இவி 9இயைப் பொறுத்தவரை, கைமாறிய பின் உத்தரவாதம் பத்து ஆண்டு அல்லது இரண்டு லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை என்று சுருங்கிவிடும். ஐந்தாறு ஆண்டுகளில் வண்டியை மாற்றும் வழக்கமுள்ளவர், முன்பதிவுப் படிவத்தில் கையெழுத்திடும் முன் உத்தரவாதப் புத்தகத்தில் உரிமை மாற்றம் குறித்த பக்கத்தை வாங்கிப் படித்துவிடுவது நல்லது. மறுவிற்பனையின்போது பேரம் நடக்கப்போவது அந்தப் பக்கத்தை வைத்துத்தான்.