வெளிச்சத்தைத் திருத்துங்கள், முகத்தைத் திருத்தாதீர்கள்



சில மாதங்களுக்கு முன் மூதாட்டி ஒருவர் காலமானார். முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அச்சிட வேண்டுமென்று, அவருடைய மகன் செல்போனும் கையுமாக என்னிடம் வந்தார். போனில் அம்மாளின் படங்கள் ஏராளம். யாவும் பேரப்பிள்ளைகள் எடுத்து, திருத்தி, முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்ட படங்கள். ஆனால் ஒன்றிலாவது அம்மாளைக் காணோம்! சுருக்கம் இல்லை, நெற்றித் தழும்பு இல்லை, வயல் வெயிலில் கறுத்த நிறமும் இல்லை. மெழுகில் வார்த்தது போன்ற ஒரு வெளுத்த முகமே எல்லாப் படங்களிலும் இருந்தது. கூட வந்த ஆறு வயதுப் பேத்தி, "சாமி, இது எங்க அப்பாயி இல்லை" என்றாள். மகன் தலை குனிந்து அழுதார். பக்கத்து வீட்டுக்காரர் திருவிழாவன்று தம் பழைய போனில் எடுத்த மங்கலான படம் ஒன்றுதான் கடைசியில் கை கொடுத்தது.

ஆகையால் இந்த வாரம் படம் திருத்துவதைப் பற்றியே நாம் படிப்போம்.

படத்தைத் திருத்துவது தவறா?

தவறில்லை. காரணம் யாதெனில், நம் கண் வேறு, காமிரா வேறு. ஜன்னலுக்கு முன்னால் ஒருவர் நின்றால், வெளியே உள்ள வெயிலையும் அவர் முகத்தையும் நம் கண் ஒருசேரப் பார்க்கும். காமிராவுக்கு அது கடினம். வெயிலைச் சரியாகப் பிடித்தால் முகம் இருண்டுவிடும். மஞ்சள் பல்பு வெளிச்சத்திலும் வெள்ளை வேஷ்டி நம் கண்ணுக்கு வெள்ளைதான். படத்திலோ பல சமயம் மஞ்சளாக விழும். இவற்றைச் சரி செய்வது, நாம் கண்டதைக் கண்டபடி காட்டுவதேயன்றி வேறல்ல.

எப்படித் திருத்துவது?

ஐந்து படிகளை ஞாபகத்தில் வையுங்கள்.

முதலாவது, வெட்டுதல். ஓரத்தில் நிற்கும் வாளி, பாதி தெரியும் ஆள் முதலிய வேண்டாதவற்றை நீக்குங்கள்.

இரண்டாவது, நேராக்குதல். சுவரும் கதவும் சாய்ந்திருந்தால் நிமிர்த்துங்கள்.

மூன்றாவது, வெளிச்சம். படம் முழுவதையும் ஒரேயடியாக வெளுக்க வைக்காதீர்கள். 'ஷேடோஸ்' என்ற பகுதியை மட்டும் சிறிது உயர்த்தினால், இருண்ட முகம் தன் நிறம் கெடாமல் தெளியும். கறுத்த மேனி உள்ளவர்களுக்கு இது மிகவும் முக்கியம்.

நான்காவது, நிறம். படத்தில் வெள்ளையான பொருள் ஒன்றைப் பாருங்கள். அது வெள்ளையாகத் தோன்றும்வரை மஞ்சளையோ நீலத்தையோ குறையுங்கள்.

ஐந்தாவது, நிறுத்துதல். இதுதான் பலருக்கு வருவதில்லை! மூலப் படத்தோடு ஒப்பிட்டு, "அன்று நான் கண்டது இதுதானா?" என்று கேட்டு, ஆம் எனில் அதோடு விட்டுவிடுங்கள்.

அப்படியானால் எது தவறு?

உள்ளதை இல்லாததாகவும், இல்லாததை உள்ளதாகவும் ஆக்குவதே தவறு. பெரியவர்களும் இதில் இடறியிருக்கிறார்கள். 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரபிக் பத்திரிகை, எகிப்தின் பிரமிடுகளை அட்டைக்குள் அடக்குவதற்காக ஒன்றுக்கொன்று நெருக்கி வைத்துக் கண்டனம் பெற்றது. 1994 ஜூனில் ஓ. ஜே. சிம்ப்ஸன் என்பவரைப் போலீசார் எடுத்த ஒரே படத்தை அமெரிக்காவின் இரண்டு வாரப் பத்திரிகைகள் அட்டையில் வெளியிட்டன. நியூஸ்வீக்கில் கண்ட முகத்தைவிட டைம் அட்டையில் கண்ட முகம் வெகுவாகக் கறுத்திருந்தது. கறுப்பாகக் காட்டினால் குற்றவாளியாகத் தோன்றுவார் என்ற எண்ணமா என்று ஜனங்கள் கொதித்தார்கள்.

அங்கே கறுப்பைக் கூட்டியது தவறு என்றால், இங்கே நாம் கறுப்பைக் கழுவித் துடைப்பது மட்டும் சரியாகுமா? இரண்டிலும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றே அன்றோ? பதினான்கு வயது மகளின் படத்தைத் தினமும் வெளுப்பாக்கித்தான் வெளியிட வேண்டுமென்றால், "உன் முகம் இப்படியே வெளியே போகத் தகாது" என்று தினமும் அவளுக்குச் சொல்கிறோம். யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. ஆனால் பிள்ளை கற்றுக்கொள்கிறாள். இந்த நிறவெறுப்பை எதிர்த்துத்தான் சென்னையில் 2009-ல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கம் தொடங்கியது. விளம்பரங்களில் மாடல்களின் உடலை மெலியவோ பருக்கவோ செய்து காட்டினால், திருத்திய படம் என்று எழுத வேண்டுமென்பது பிரான்சில் 2017 முதல் சட்டம். நார்வேயிலும் 2022-ல் அப்படியொரு சட்டம் வந்தது. சரக்கு விற்பவனுக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால், பெற்ற தாயின் முகத்தில் நமக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

"முற்காலத்து ஸ்டூடியோக்காரர் நெகடிவ் மீது பென்சிலால் தொட்டு முகத்தை அழகாக்கவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது எப்போதோ ஒருமுறை எடுக்கும் படம். இன்றோ பல போன்களில் 'பியூட்டி' என்ற வசதி, படம் எடுக்கும்போதே முகத்தை மழித்துவிடுகிறது. மூலப் படம் என்று ஒன்று மிஞ்சுவதே இல்லை. அந்த மூதாட்டியின் வீட்டில் நடந்தது இதுவே.

வீட்டில் செய்ய வேண்டியவை

இன்றே போனை எடுத்து அந்த வசதியை நிறுத்துங்கள். திருத்தும்போது மூலப் படத்தை அழிக்காமல், திருத்தியதைத் தனிப் பிரதியாகச் சேமியுங்கள். மற்றவர் படத்தை வெளியிடுமுன் அவரிடம் காட்டிச் சம்மதம் கேளுங்கள். சிறு பிள்ளையானாலும் கேளுங்கள். உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் நல்ல படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் தெளிவு குறையாது.

கடைசியாக ஒரு வேலை. வருகிற ஞாயிறு மாலை, உங்கள் வீட்டில் மூத்தவரை ஜன்னலோரமாக உட்கார வையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். அவரைப் பேச வைத்து, அவர் சிரிக்கும்போது ஒரு படம் எடுங்கள். மேற்சொன்ன ஐந்து படிகளுக்கு மேல் எதுவும் செய்யாமல், அச்சிட்டுச் சுவரில் மாட்டுங்கள். நாளை உங்கள் பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்து, "இதுதான் எங்க அப்பாயி" என்று சொல்லட்டும்.